தேன்கூட்டுக்கு ஆளைக் கூட்டிப்போகும் பறவை: எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை?

மழைக்காகம்:

ஆப்பிரிக்காவில் ஒரு சின்னப் பறவை மனிதர்களைத் தேடி வந்து கூப்பிட்டு, காட்டுத் தேன்கூடு இருக்கும் மரத்துக்கே அழைத்துப்போகிறது, அவர்கள் தேனை எடுத்துக்கொண்டு மெழுகை அதற்கு விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். உருக்கமான இசை, கம்பீரமான குரலில் வர்ணனை, கடைசியில் பறவை மெழுகைக் கொத்தும் காட்சி. இந்த மாதிரிக் காணொளிகளில் பாதி வெட்டி ஒட்டியதுதான் என்பதால் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

பறவை தன்பாட்டுக்குத் தேன்கூட்டைப் பார்த்துப் போகிறது, ஆட்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள், அதற்கு நாம்தான் "அழைக்கிறது" என்று பேர் வைத்துவிட்டோமா? இல்லை நிஜமாகவே ஆளைத் தேடி வருகிறதா? அப்படி வருகிறதென்றால் அதற்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள்? அப்புறம் தேனை விட்டுவிட்டு மெழுகைத் தின்னும் பறவை என்பதே எனக்குப் புதுசு, மெழுகில் அப்படி என்ன இருக்கிறது? என் நண்பர் ஒருவர் வேறு, மனிதனெல்லாம் அப்புறம்தான், அந்தப் பறவை முதலில் தேன்வளைக்கரடிக்குத்தான் (ஹனி பேட்ஜர் என்கிற விலங்கு) வழி காட்டியது, அதைப் பார்த்துத்தான் மனிதன் பின்னால் போகக் கற்றுக்கொண்டான் என்று அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், வெறும் சுட்டியைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

மரப்பொந்து:

இசை அதிகம்தான், ஆனால் விஷயம் நிஜம். பெருந்தேன்காட்டி என்று சொல்லலாம், அறிவியல் பெயர் இண்டிகேட்டர் இண்டிகேட்டர். சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் இருக்கிறது. சுமார் 50 கிராம் எடை, பார்க்கப் பழுப்பும் சாம்பலுமாக இருக்கும், பெரிய அழகெல்லாம் கிடையாது. மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் உறவுக்காரப் பறவை.

இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட கதையும் இல்லை. 1588ல் இன்றைய மொசாம்பிக்கில் இருக்கும் சோஃபாலாவில் ஜுவாவோ தோஸ் சாந்தோஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். தேவாலயத்துக்குள் குட்டிப் பறவைகள் புகுந்து மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்பதைப் பார்த்துவிட்டு எழுதி வைத்தார். அதே பறவைகள் காட்டில் ஆட்களைக் கத்திக் கூப்பிட்டுத் தேன்கூட்டுக்கு இட்டுச்செல்வதையும் எழுதியிருக்கிறார். அவர் எழுதித்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இது அன்றாடச் சமாசாரம்.

மெழுகைப் பற்றிக் கேட்டீர்கள். மெழுகு கொழுப்புச் சத்து மிகுந்தது, ஆற்றல் அதிகம், ஆனால் பெரும்பாலான விலங்குகளுக்குச் செரிக்காது. தேன்காட்டி இனத்துக்குச் செரிக்கும். அதனால் போட்டிக்கு ஆளே இல்லாத சாப்பாடு அதற்கு. மெழுகோடு அடையில் இருக்கும் தேனீப் புழுக்களையும் விரும்பித் தின்னும். தேன் மேல் அதற்கு அவ்வளவு நாட்டம் இல்லை, அதனால்தான் இரண்டு பேருக்கும் பங்கில் சண்டை வருவதில்லை.

"தன்பாட்டுக்குப் போகிறதா" என்ற கேள்விக்கு 1989லேயே பதில் வந்துவிட்டது. கென்யாவைச் சேர்ந்த ஹுசைன் ஐசக் என்பவரும் ஹைன்ஸ் உல்ரிச் ரேயர் என்பவரும் சேர்ந்து வடக்குக் கென்யாவின் போரன் மக்களோடு அலைந்து செய்த ஆய்வு, சயன்ஸ் இதழில் வந்தது. பழக்கமில்லாத இடத்தில் பறவையின் துணை இல்லாமல் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சராசரியாக 8.9 மணி நேரம் ஆனது. பறவை கூட வந்தால் 3.2 மணி நேரம். பறவை காட்டிய கூடுகளில் 96 சதவீதம், மனிதன் கோடாலியோடு வந்து பிளந்து கொடுத்தால் ஒழியப் பறவையால் நெருங்கவே முடியாதவை. இதுதான் முக்கியம். அதற்கு அந்தக் கூட்டில் தனியாக வேலையே இல்லை. கூட்டிக்கொண்டு போனால்தான் சாப்பாடு.

இன்னொன்றும் பார்த்தார்கள். பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்பதில் திசை தெரியும், முதல்முறை கண்ணில் இருந்து மறைந்து எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வருகிறது என்பதில் தூரம் தெரியும் என்று போரன் மக்கள் சொன்னார்கள். கூட்டை நெருங்க நெருங்க அது உட்காருகிற இடங்களுக்கு இடையே தூரம் குறையும், உட்காரும் கிளையும் தாழ்ந்துகொண்டே வரும், கூட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் குரல் மாறும் என்றும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள், அவர்கள் சொன்னது சரியாக இருந்தது.

கரடி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அது தனிக் கதை.

தெற்குக்காற்று:

சில வருடங்கள் சாம்பியாவில் வேலை பார்த்தேன். அங்கே ஒருமுறை இந்தப் பறவை பின்னால் நானே போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மியோம்போ காடு தொடங்கிவிடும். ஒரு நாள் காலையில் ஒரு பறவை வேலிக்குப் பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது பாட்டு கிடையாது, பாதி நிரம்பிய தீப்பெட்டியைப் படபடவென்று குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். எனக்குத் தொல்லையாக இருந்தது. காவல் வேலை பார்த்த பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கோடாலி, தீக்குச்சி, ஒரு வாளி, மூன்றையும் எடுத்துக்கொண்டு "வருகிறாயா" என்றார். போனேன்.

கவனித்துப் பார்த்தால் அது நம்மைப் பார்த்துத்தான் கத்துகிறது என்பதில் சந்தேகமே வராது. கத்தும், பறக்கும், பறக்கும்போது வாலை விரிக்கும், வாலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைச் சிறகு பளிச்சென்று தெரியும். நாலைந்து மரம் தள்ளி, இலை இல்லாத கிளையாகப் பார்த்து, நம் கண்ணில் படுகிற மாதிரி உட்காரும். நாம் நின்றுவிட்டால் திரும்பி வந்து மறுபடி கத்தும். பெரியவரும் சும்மா வரவில்லை, நடக்கும்போதே அதோடு பேசிக்கொண்டு, சீழ்க்கை அடித்துக்கொண்டு, அவ்வப்போது கோடாலிக் காம்பால் மரத்தில் தட்டிக்கொண்டே வந்தார். வந்துகொண்டுதான் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம்.

ஒரு இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பறவை போய்விட்டது என்று தோன்றியது, அவர் மட்டும் அசையாமல் நின்று அண்ணாந்து மரம் மரமாகப் பார்க்க ஆரம்பித்தார். பறவை எங்கேயும் போகவில்லை, ஒரு கிளையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கையைக் காட்டினார். நல்ல உயரத்தில் அடிமரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு, வெயில் படும்போது மட்டும் தேனீக்கள் போவதும் வருவதும் மினுங்கித் தெரிந்தது. ஐம்பது தடவை அந்த மரத்தைக் கடந்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

காய்ந்த புல்லைப் பச்சை இலைக்குள் வைத்துக் கட்டிப் பற்றவைத்தார், எரியாமல் புகை மட்டும் மண்டிக்கொண்டு வந்தது. அதைப் பொந்துக்குள் ஊதிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். ஆப்பிரிக்கத் தேனீயின் கோபம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கேள்விப்பட்டது எல்லாம் சரிதான், தூரமாக நின்ற எனக்கும் கிடைத்தது. புழு நிறைந்த பழுப்பு அடை ஒரு துண்டையும் வெள்ளை மெழுகையும் ஒரு கட்டையின் மேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். நாங்கள் நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் அது இறங்கி வந்தது. ஆளைத் தேடி வந்து கூட்டிப்போகிற பறவை, ஆள் பக்கத்தில் நின்றால் சாப்பிட வராது. அந்தக் கூச்சம்தான் எனக்கு இன்றைக்கும் புரியாதது.

குறுக்குக்கேள்வி:

அனுபவம் எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் "அழைப்பு", "உரையாடல்" என்ற பெரிய வார்த்தைகள் தேவையா? பறவை கத்துகிறது, ஆள் போகிறான், பறவைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, அது மறுபடி கத்துகிறது. இது பழக்கம், அவ்வளவுதான். மனிதன் சீழ்க்கை அடிப்பதும் தட்டுவதும் அவனுடைய மனத்திருப்திக்காக இருக்கலாம். எந்தச் சத்தம் போட்டாலும், ஏன் சும்மா பேசிக்கொண்டு நடந்தாலும், ஆள் இருக்கிறான் என்று பறவைக்குத் தெரிந்துவிடும் அல்லவா? குறிப்பிட்ட ஒரு கூப்பாட்டுக்கு அர்த்தம் இருக்கிறது என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

மரப்பொந்து:

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நீங்கள் கேட்கிற அதே கோணத்தில்.

மொசாம்பிக்கின் வடக்கே நியாசா காப்பகம். அங்கே யாவோ மக்கள் இந்தப் பறவையைக் கூப்பிட ஒரு தனிச் சத்தம் வைத்திருக்கிறார்கள். நாக்கை உருட்டி "ப்ர்ர்ர்ர்" என்று இழுத்துவிட்டு, கடைசியில் "ஹ்ம்" என்று ஒரு முனகல். அப்பாவிடம் இருந்து கற்றுக்கொண்டோம் என்கிறார்கள், வேறு எதற்கும் அந்தச் சத்தத்தைப் பயன்படுத்துவதில்லை. கிளேர் ஸ்பாட்டிஸ்வூட் என்ற ஆய்வாளரும் அந்தக் காப்பகத்தில் வேலை செய்யும் கொலீன் பெக், கீத் பெக் இருவரும் 2016ல் இதைச் சோதித்தார்கள். தேன் எடுப்பவர்களோடு காட்டில் நடந்துகொண்டே மூன்று வகை ஒலிப்பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். ஒன்று அந்த "ப்ர்ர்ர்-ஹ்ம்". இன்னொன்று அதே ஆட்கள் வேறு சொற்களைக் கத்துவது. மூன்றாவது ஒரு புறாவின் குரல். ஆள் இருக்கிறான் என்பது மட்டும்தான் சங்கதி என்றால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் வந்திருக்கக் கூடாது.

வந்தது. மற்ற சத்தங்களுக்குப் பறவை வந்து வழிகாட்ட ஆரம்பிக்கும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம், சரியான கூப்பாட்டுக்கு 66 சதவீதம். கடைசியில் தேன்கூடு கிடைக்கிற வாய்ப்பு மொத்தமாக 17ல் இருந்து 54 சதவீதத்துக்குப் போனது. பறவை ஆரம்பித்துவைத்த பயணங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி ஒரு கூட்டில் போய் முடிந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2023ல் வந்தது. தான்சானியாவின் ஹாட்சா மக்கள் "ப்ர்ர்ர்" போடுவதில்லை, ராகம் மாதிரி ஏறி இறங்கும் சீழ்க்கை அடிப்பார்கள். ஸ்பாட்டிஸ்வூடும் பிரையன் வுட் என்பவரும் இந்த இரண்டு ஒலிகளையும் இரண்டு நாட்டிலும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். ஹாட்சா பகுதிப் பறவைகள், யாவோ ஒலியைக் காட்டிலும் ஹாட்சா சீழ்க்கைக்கு 3 மடங்குக்கு மேல் ஒத்துழைத்தன. யாவோ பகுதிப் பறவைகளுக்கு அப்படியே தலைகீழ், யாவோ ஒலிக்குத்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே இனப் பறவைதான், ஆனால் தன் ஊர்க்காரன் எப்படிக் கூப்பிடுவான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இதைப் பழக்கம் என்று சொல்லுங்கள், உரையாடல் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கும் ஒரு யூகம் சொல்கிறார்கள். ஹாட்சாக்கள் வில் அம்போடு வேட்டைக்கும் போகிறவர்கள். சீழ்க்கை பறவைச் சத்தம் மாதிரி இருப்பதால் விலங்குகள் மிரண்டு ஓடாது. யாவோக்களுக்கு அந்தக் கவலை இல்லை. கென்யாவின் போரன் மக்களோ குவித்த கைக்குள்ளும், நத்தை ஓட்டிலும், குடைந்த பனங்கொட்டையிலும் ஊதி, 1 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கிற மாதிரி ஒரு சீழ்க்கை எழுப்புவார்கள்.

குறுக்குக்கேள்வி:

சரி, அந்தப் புறாக் குரல் விஷயம் எனக்குப் போதும். ஒலிக்கு அர்த்தம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "யார் கற்றுக்கொடுத்தது" என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே. தாய்ப்பறவை போகும்போது குஞ்சும் கூடவே போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்கிறதா?

வெட்டவெளி:

அந்த வழியே இல்லை, ஏனென்றால் தேன்காட்டிக் குஞ்சு தன் தாயைப் பார்த்ததே கிடையாது. இந்தப் பகுதியைக் காணொளிக்காரர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

குயில் மாதிரிதான் இதுவும், அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். பொந்திலோ வளையிலோ கூடு வைக்கிற பறவைகளாகத் தேர்ந்தெடுக்கும், பஞ்சுருட்டான், கொண்டலாத்தி வகைகள். முட்டையிடும்போதே வீட்டுக்காரரின் முட்டைகளை அலகால் குத்தி ஓட்டைபோட்டுவிட்டுப் போகும். அதில் தப்பிப் பொரிக்கிற குஞ்சுகளுக்கும் விதி இருக்கிறது. தேன்காட்டிக் குஞ்சு பொரிக்கும்போதே அலகு நுனியில் மேலும் கீழும் கூரான கொக்கி இருக்கும். கண் திறக்கவில்லை, உடம்பில் ஒரு சிறகு இல்லை, அந்த நிலையிலேயே இருட்டில் தடவித் தடவிப் பக்கத்தில் இருக்கும் குஞ்சைக் கவ்விக் கடித்து உதறும். சாகும்வரை விடாது. சாம்பியாவில் சிறு பஞ்சுருட்டான் வளைகளுக்குள் அகச்சிவப்புக் கேமரா வைத்து இதைப் படம்பிடித்தார்கள், 2012ல் வெளிவந்தது, அதிலும் அதே ஸ்பாட்டிஸ்வூட்தான். வளர்ப்புத் தாய் உணவோடு வந்து, தன் குஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும் குஞ்சுக்கே ஊட்டுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. கொக்கி சில நாளில் மறைந்துவிடும், அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும்.

ஆக, அதை வளர்ப்பது பஞ்சுருட்டான். பஞ்சுருட்டானுக்கு மனிதனைக் கூட்டிப்போவது பற்றி ஒன்றும் தெரியாது. அப்படியும் கூட்டை விட்டு வெளியே வந்த இளம் பறவைகள், தொண்டையில் மஞ்சள் மாறாத பருவத்திலேயே, ஆட்களைப் பார்த்துக் கத்தி வழிகாட்டுகின்றன. ஆகையால் "ஆளைப் பார்த்தால் கத்து, கூட்டிப்போ" என்பது பிறவியிலேயே வருவது என்றுதான் கருதுகிறார்கள். எந்த ஊரில் எந்தக் கூப்பாடு என்பதை மட்டும் வளர்ந்த பிறகு பார்த்துக் கேட்டுப் பழகிக்கொள்கிறது. தேன் எடுக்கிற இடங்களில் மெழுகுக்காகப் பல தேன்காட்டிகள் கூடும், அங்கே இளசுகளும் வரும். எந்தச் சத்தம் போட்டவர்கள் இருந்த இடத்தில் மெழுகு கிடைத்தது என்று கவனிக்க அது போதுமே.

இயற்கையின் அற்புத நட்பு என்று உருகுகிறவர்களுக்கு நான் வேண்டுமென்றே இந்தக் குஞ்சுக் கதையைச் சொல்வது வழக்கம்.

மழைக்காகம்:

அந்தக் கொக்கி விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நன்றி, எல்லோருக்கும்.

இன்னும் ஒன்று. மெழுகைக் கூலியாக வைக்காவிட்டால் அடுத்த தடவை பாம்பிடமோ சிங்கத்திடமோ கூட்டிப்போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருப்பதாக அந்தக் காணொளியில் சொன்னார்கள். எல்லோருமே கட்டாயம் கூலி கொடுக்கிறார்களா? கொடுக்காவிட்டால் பறவை வேலைநிறுத்தம் செய்துவிடாதா?

நீள்வால்:

அந்த நம்பிக்கை ஆப்பிரிக்காவில் பல இடங்களில் உண்டு. ஆனால் கூலி கொடுப்பதில் ஆளுக்கு ஆள் வழக்கம் வேறு.

யாவோக்கள் மெழுகைப் பொறுக்கிச் சேர்த்துப் பச்சை இலை பரப்பி அதன்மேல் மரியாதையாக வைத்துவிட்டு வருவார்கள். ஹாட்சாக்கள் நேர் எதிர். மிஞ்சிய மெழுகை எரித்துவிடுவார்கள், புதைப்பார்கள், ஒளித்துவைப்பார்கள். வயிறு நிறைந்துவிட்டால் பறவை வேலையை நிறுத்திவிடும், பசியோடு இருந்தால்தான் அடுத்த கூட்டையும் காட்டும் என்பது அவர்கள் கணக்கு. இத்தனைக்கும் இந்தப் பறவையால் அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. 2014ல் வந்த ஆய்வில், பறவையின் துணையால் அவர்கள் கூடு கண்டுபிடிக்கும் வேகம் 560 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். ஹாட்சாக்கள் ஒரு வருடத்தில் உண்ணும் உணவில் 8 முதல் 10 சதவீதம் வரை இந்தப் பறவை காட்டிக்கொடுத்ததில் இருந்து வருகிறது.

சோறு போடுகிறவனை ஏமாற்றுவது மாதிரித்தான் எனக்கு இது தெரிகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தெற்குக்காற்று:

நீள்வால், அதை ஏமாற்று என்று சொல்வது கொஞ்சம் அவசரம். எவ்வளவு எரித்தாலும் அடையைப் பிளக்கும்போது சிதறுவது, மரத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்பது என்று எப்படியும் மிச்சம் இருக்கும். கூட்டை உடைத்துத் திறந்துவிட்டதே பறவைக்குப் பாதிக் கூலி. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பறவைகள் எப்போதோ நிறுத்தியிருக்கும், இன்றைக்கும் ஹாட்சா சீழ்க்கைக்கு ஓடி வருகின்றன என்று மரப்பொந்து மேலே எழுதியிருக்கிறாரே. இலை பரப்பி வைக்கிற யாவோவுக்கும் நாளைக்கு அந்தப் பறவை வேண்டும் என்ற கணக்கு இருக்கும்தானே. எங்கள் பெரியவரைக் கேட்டபோதுகூட, வைக்காவிட்டால் பாம்பைக் காட்டும் என்றுதான் சொன்னாரே ஒழிய, பாவம் அதற்கும் பசிக்கும் என்று சொல்லவில்லை.

நீள்வால்:

பயத்தில் கொடுத்தாலும் கொடுக்கிறார்கள் இல்லையா. எனக்கு யாவோ கட்சிதான்.

மரப்பொந்து:

கரடியைப் பற்றிச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். தேன்காட்டி தேன்வளைக்கரடிக்கு வழிகாட்டுகிறது என்பது பாடப்புத்தகம் வரை போன கதை, ஆனால் நேரில் பார்த்த நம்பகமான பதிவுகள் மிகக் குறைவு. இப்படி ஒன்று நடப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று ஆய்வாளர்கள் பல வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். 2023ல் ஒரு குழு வேறு வழியில் போனது. ஆப்பிரிக்காவின் 9 நாடுகளில் தேன் எடுக்கும் சுமார் 400 பேரிடம் நேரில் கேட்டது. பெரும்பாலான சமூகங்களில், அப்படி எதுவும் நாங்கள் பார்த்ததில்லை, நடக்கும் என்றும் தோன்றவில்லை என்றார்கள். தான்சானியாவில் மட்டும் மூன்று சமூகங்களில், ஹாட்சாக்களும் அதில் சேர்த்தி, பார்த்திருக்கிறோம் என்று கணிசமானவர்கள் சொன்னார்கள். அதனால் எங்கோ சில இடங்களில் நடக்கலாம், கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் மனிதன் கற்றுக்கொண்டான் என்று உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. நெருப்பையும் கருவியையும் கையில் எடுத்த ஆதி மனிதர்கள் காலத்தில் இருந்தே இந்த உறவு இருந்திருக்கலாம் என்பது ஒரு கருதுகோள், எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. புகை போட்டுத் தேனீயை அடக்கி மரத்தைப் பிளக்கிற ஜீவன் நம்மைத் தவிர வேறு இல்லையே.

இன்னொரு விஷயம், தேன்காட்டிக் குடும்பத்தில் 17 இனங்கள் வரை உண்டு. நிச்சயமாக வழிகாட்டுகிறது என்று சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். ஆசியாவில் இரண்டு இனங்கள் இருக்கின்றன, ஒன்று மலாய், சுமத்ரா, போர்னியோ காடுகளில், இன்னொன்று இமயமலையில். இமயத்து இனம் பாறைச் செங்குத்தில் தொங்கும் பெரிய தேனடைகளைச் சுற்றியே வாழ்கிறது. ஆண் பறவை ஒரு அடையைத் தன் இடமாகப் பிடித்துவைத்துக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டும், சேரவருகிற பெண்களுக்கு மட்டும் மெழுகு தின்ன அனுமதி. அதற்கு மெழுகு கண்ணெதிரே தொங்குகிறது, மனிதனைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

குறுக்குக்கேள்வி:

கடைசியாக ஒன்று. இப்போது அங்கேயும் கடையில் சர்க்கரை கிடைக்கும், பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள். ஆள் போகாவிட்டால் இந்தப் பறவை பட்டினி கிடந்து அழிந்துவிடுமா?

வெட்டவெளி:

அழியாது. கைவிட்டுப்போன பழைய கூடுகள், வேறு விலங்குகள் உடைத்த கூடுகள், அதிகாலைக் குளிரில் தேனீக்கள் மந்தமாக இருக்கும்போது எட்டுகிற அடை, பூச்சிகள் என்று அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. காணாமல் போவது கூட்டிப்போகிற வழக்கம்தான். ஆட்கள் தேனுக்குப் போவதை நிறுத்திவிட்ட பகுதிகளில் பறவை கண்ணில் படும், ஆனால் வந்து கூப்பிடுவது அரிதாகிவிட்டது. பல தேசியப் பூங்காக்களில் உள்ளே போய்த் தேன் எடுக்கவே தடை, அங்கே பறவை பத்திரம், வழக்கம் போச்சு. நியாசாவில் மக்கள் காப்பகத்துக்குள்ளேயே ஊர்களில் வாழ்கிறார்கள், தேன் எடுப்பதும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த "ப்ர்ர்ர்-ஹ்ம்" ஒலிப்பதிவு அங்கிருந்து வந்ததற்குக் காரணமும் அதுதான்.